தங்கமயிலுக்கு லக்னம்

சூடான பாவ் ரொட்டியைப் பிய்த்து, இஞ்சி தட்டிப்போட்ட டீயில் ஒரு முக்கு முக்கி, சொட்டச் சொட்ட வாயில் போட்டுக்கொள்கிற சுகம் இருக்கிறதே, அதைச் சிதம்பரத்தில் யாரிடம் சொன்னாலும் புரியாது. தங்கமயில் சொல்லிப் பார்த்திருக்கிறாள். "சீ, ஜுரம் வந்தவங்கதானே ரொட்டி சாப்பிடுவாங்க?" என்று விடுதிப் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும், பாவம்! தாராவியில் விடிவதே பாவ் வாசனையில்தான். அதனால் விடுமுறையில் வீட்டுக்கு வந்தால் காலையில் முதல் வேலையாக வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பாவ், ஒரு கிளாஸ் டீ. இட்லியெல்லாம் அப்புறம்தான்.

அன்றைக்கும் அப்படித்தான் முக்கினாள். ஆனால் தொண்டைக்குள் இறங்கவில்லை. பாவ் மேல் குற்றமில்லை. டிக்கெட்தான் காரணம்.

பல்கலைக்கழகம் திறக்க இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. மற்ற வருஷமாயிருந்தால் இந்நேரம் அப்பா வேலுச்சாமி வி.டி. ஸ்டேஷனில் வரிசையில் நின்று மெட்ராஸ் மெயிலுக்கு டிக்கெட் வாங்கி, முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார். இந்த வருஷம் முருகன் படத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் ஒரு பல்லிதான் இருந்தது.

"எப்பா, டிக்கெட் எடுத்தாச்சா?"

"பார்ப்போம் தாயி."

நேற்றும் இதே பதில்தான், அதற்கு முந்தின வாரமும் இதேதான். வேலுச்சாமியின் 'பார்ப்போம்' எப்பேர்ப்பட்ட 'பார்ப்போம்' என்று தாராவி மெயின் ரோட்டில் எல்லோருக்கும் தெரியும். மட்டமான பருப்பைத் தலையில் கட்டப் பார்க்கிற ஏஜெண்டுகளிடம் அவர் சொல்கிற வார்த்தை அது. இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று அர்த்தம். பெற்ற பெண்ணிடமே அதைச் சொன்னால் அவள் பயப்படாமல் என்ன செய்வாள்?

தங்கமயிலுக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பாவின் பலசரக்குக் கடைக்குப் பின்னால், வரிசையாக வாடகை அறைகள் இருந்த சாலில், ஒற்றை அறையில் பிறந்தவள். முனிசிபாலிட்டித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தேறி, கணக்கில் கெட்டிக்காரி என்று பேரெடுத்தாள். அவள் அம்மாவின் தம்பி சிதம்பரத்தில் பல்கலைக்கழக அலுவலகத்தில் குமாஸ்தா. "புள்ளைய அனுப்பி வைங்க அத்தான், நான் பாத்துக்கிடுதேன்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதை நம்பி வேலுச்சாமி அனுப்பிவிட்டார். அந்தச் சாலில் அதற்கு முன்னால் ஓர் ஆண்பிள்ளைகூடக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வேலுவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். புத்தி பிசகியவர் கடையை ஒழுங்காகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார், பெண்ணும் படித்துக்கொண்டிருந்தாள். பி.எஸ்ஸி. கணக்கு முடிய இன்னும் ஒரே ஒரு வருஷம்தான் பாக்கி.

இடையில் வந்தது அந்தத் தை மாதம். அறுபத்தைந்தாம் வருஷம். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிதம்பரத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது, ஒரு மாணவன் செத்துப்போனான், கல்லூரிகளை மூடினார்கள். மாமா அவளைத் தன் வீட்டில் வைத்துப் பூட்டாத குறையாகக் காத்தார். தங்கமயிலும் ஊர்வலத்தில் பின்வரிசையில் நின்று கோஷம் போட்டவள்தான். அந்தக் கோஷம் போட்ட வாய்தான் தாராவிக்கு வந்ததும் காய்கறிக்காரனிடம் இந்தியில் பேரம் பேசுகிறது என்பது வேறு விஷயம். பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்த அன்று அப்பா கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தவர், மறுநாள்வரை யாரோடும் பேசவில்லையாம். அம்மா சொன்னாள். அப்பா மட்டும் அதைப்பற்றி இன்றுவரை வாயே திறக்கவில்லை. பரீட்சை எழுதிவிட்டுச் சித்திரையில் வந்து இறங்கிய பெண்ணைத் தலைமுதல் கால்வரை ஒரு பார்வை பார்த்தார். "மெலிஞ்சிட்டியே" என்றார். அவ்வளவுதான்.

ஆகவே தங்கமயிலின் பயத்தில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியாது. கலவரம் நடந்த ஊர், வயசு வந்த பெண், வாய் திறக்காத அப்பா, வாங்காத டிக்கெட். கணக்குப் படிக்கிற பெண்ணுக்குக் கூட்டிப் பார்க்கத் தெரியாதா?

பயத்தை மறக்க ஒரே வழி, விடுமுறையின் சின்னச் சின்னச் சுகங்களை ஒன்றுவிடாமல் அனுபவித்துத் தீர்ப்பது என்று அவள் முடிவு செய்தாள். கடையில் பொட்டலம் கட்டுவதற்காக எடைக்கு வாங்கிப் போட்டிருக்கும் பழைய தமிழ் வாரப்பத்திரிகைகள் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். அவற்றை மடியில் போட்டுக்கொண்டு தொடர்கதை படிப்பாள். முடிவு எப்போதும் கிடைக்காது. அது சீரகத்தோடு யார் வீட்டுக்கோ போயிருக்கும். முடிவை அவளே கட்டிக்கொள்வாள். மத்தியானம் பச்சை மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவித் தின்பாள். முதல் மழை பெய்த அன்று குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் குழாயடியிலேயே நின்று நனைந்தாள். விடுதியில் நனைந்தால் வார்டன் அம்மாள் சண்டைக்கு வருவாள்.

ஆனால் அவள் கட்டிய கதைகளின் முடிவெல்லாம் இந்த வருஷம் ஒரே மாதிரி வந்து தொலைந்தன. கதாநாயகியைக் கட்டாயப்படுத்திக் கல்யாணம் செய்து வைத்துவிடுகிறார்கள்.

போதாக்குறைக்கு அம்மா ஆறுமுகத்தாய் திடீரென்று நல்லவளாகிவிட்டாள். "ஏட்டி, விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு, இன்னும் என்ன தூக்கம்?" என்று காலால் நிமிண்டி எழுப்புகிற அம்மா, இப்போது போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போகிறாள். குடத்தைத் தூக்கினால் பிடுங்கிக்கொள்கிறாள். கேட்காமலே சுக்குக் கருப்பட்டியும் தேங்காயும் போட்டுப் பணியாரம் சுடுகிறாள். புதுச்சேலை ஒன்று வந்திருக்கிறது, ரவிக்கைக்கு அளவும் கொடுத்தாயிற்று. எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டும், போற இடத்துல நாலு பேரு பாக்கண்டாமா?" என்கிறாள். போகிற இடம் என்றால் எந்த இடம்? சிதம்பரமா, மாமியார் வீடா? அதை மட்டும் கேட்கத் தங்கமயிலுக்குத் தைரியம் வரவில்லை. பணியாரத்தை மட்டும் தின்றுவைத்தாள். பயத்திலும் அது ருசியாகத்தான் இருந்தது, என்ன செய்ய?

சனிக்கிழமை காசிராஜன் வந்தார். அப்பாவுக்குப் பெரியப்பா மகன். தங்கமயிலுக்குப் பெரியப்பா முறை. வடாலாவில் கடை. அவர் பேசினால் பக்கத்து அறைக்காரர்களும் கூட உட்கார்ந்து கேட்கிற மாதிரிதான் இருக்கும்.

"என்ன மயிலு, இன்னும் எத்தனை வருசம் படிப்ப? உங்க பெரியம்மையோட தம்பி மவன், நம்ம மாசானம், போர்ட் டிரஸ்ட்ல பெர்மனன்ட் ஆயிட்டான் தெரியுமா? குவார்ட்டர்ஸ் கிடைச்சிருச்சு. சமைக்கத்தான் ஆளில்ல" என்று சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

அம்மா சிரித்தாளா, சிரிக்கவில்லையா என்று தங்கமயில் உற்றுப் பார்த்தாள். அம்மா டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். அப்பா மேலே ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஊருல துப்பாக்கியெல்லாம் வெடிக்கி வேலு. பொட்டப்பிள்ளைய அங்க அனுப்பிட்டு நீ இங்க நிம்மதியா எண்ணெய் அளப்பியோ?" என்றார் காசிராஜன் போகும்போது. அப்பா ஓட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. தோழி இருதயமேரி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இருதயமேரி பள்ளிக்கூடத்தோடு நின்று, செம்பூரில் ஒரு கம்பெனியில் டைப் அடிப்பவள். இருவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. டபுள் டெக்கர் பஸ்ஸில் மாடியில் முன் சீட்டைப் பிடித்து, எங்கேயும் இறங்க வேலையில்லாமல் கடைசி ஸ்டாப்புக்குப் போய்த் திரும்புவார்கள். எதிரே மரக்கிளைகள் கண்ணாடியில் வந்து மோதும்போதெல்லாம் தலையைக் குனிந்து கத்துவார்கள். கண்டக்டர் திட்டுவான். அன்றைக்கும் கத்தினார்கள், திட்டும் வாங்கினார்கள். பிறகு மாட்டுங்காவில் இறங்கிக் காபி குடித்தார்கள். டபராவில் நுரை அடங்காத காபி.

"டிக்கெட் எடுத்தாச்சாடி?" என்றாள் இருதயமேரி.

"பார்ப்போம்ங்காரு."

"எங்க அப்பாவும் இப்படித்தான் சொன்னாரு. 'பார்ப்போம், பார்ப்போம்'னு. நான் இப்ப டைப் அடிச்சிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் காபியை ஆற்றினாள்.

காபிக்கடையை விட்டு வெளியே வந்தபோதுதான் தங்கமயில் அதைப் பார்த்தாள். எதிர்ச்சாரியில் அப்பா! வாரம் முழுக்கக் கை வைத்த பனியனும் அழுக்கு வேட்டியுமாக இருக்கிற மனிதர், சலவை வேட்டி கட்டி, திருநீறு பூசி, மஞ்சள் பையோடு ஒரு பழைய கட்டடத்தின் படியேறிக்கொண்டிருந்தார். பையிலிருந்து வெற்றிலைக் கட்டும் வாழைப்பழச் சீப்பும் எட்டிப் பார்த்தன. வெற்றிலை பாக்கு பழத்தோடு வேட்டி கட்டிக்கொண்டு ஒரு தகப்பன் எதற்குப் போவான்? இருதயமேரியிடம் ஒன்றும் சொல்லாமல் அவளை இழுத்துக்கொண்டு ரயிலடிக்கு ஓடினாள்.

சாயங்காலம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள். "எங்கப்பா போயிருந்தீங்க?"

"மசூதி பந்தருக்கு. சரக்கு பாக்க."

ஞாயிற்றுக்கிழமை மசூதி பந்தர் மார்க்கெட்டில் காக்காய்கூட இருக்காது. அப்பா பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அதனால்தான் அவருக்கு அது சரியாக வரவில்லை. தங்கமயில் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

அடுத்த நாளிலிருந்து பக்கத்து அறை லீலாதாயியின் சிரிப்பு மாறியது. லீலாதாயி மராத்திக்காரி. புருஷன் மில்லில் வேலை. தங்கமயில் குழந்தையாக இருந்தபோதே தூக்கி வளர்த்தவள். இப்போது எதிர்ப்பட்டால் கன்னத்தைக் கிள்ளுகிறாள், கண்ணில் நீர் முட்டப் பார்க்கிறாள், பெருமூச்சு விடுகிறாள். சிதம்பரத்துக்குப் போவதற்கு ஒருத்தி இந்தப் பெருமூச்சு விடுவாளா?

புதன்கிழமை காலை அம்மா அவளை சயான் மார்க்கெட்டுக்கு வாழையிலை வாங்கிவர அனுப்பினாள். எதற்கு இலை என்றால் பதிலில்லை. "போயி நிதானமா வா. அவசரமில்ல" என்று வேறு சொன்னாள். இலையோடு அவள் திரும்பியபோது சால் வாசலிலேயே லீலாதாயி மறித்துக்கொண்டாள். "சல், சல், அந்தர் சல்!" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

உள்ளே பலகை போட்டு, பலகையைச் சுற்றிக் கோலம் போட்டிருந்தது. மூலையில் எதையோ ரஜாய்ப் போர்வையால் மூடி வைத்திருந்தார்கள். அதில் சாய்ந்துகொள்ளச் சொல்லித் தங்கமயிலை உட்கார்த்தி, தட்டில் பூரண்போளியை எடுத்து வைத்து, அதன் தலையில் நெய்யை ஊற்றினாள் லீலாதாயி. கடலைப்பருப்பும் வெல்லமும் ஏலமும் மணக்கிற போளி. தங்கமயிலுக்கு அது உயிர். ஒன்று தின்றாள், இன்னொன்று தின்றாள். கொஞ்ச நேரத்துக்கு டிக்கெட்டாவது ஒன்றாவது! நெய் முழங்கைவரை வழிந்தது.

மூன்றாவதை வைத்துக்கொண்டே லீலாதாயி அவள் நெற்றியில் மஞ்சள் குங்குமம் இட்டாள். கையைப் பிடித்துப் பச்சைக் கண்ணாடி வளையல்களை ஏற்றினாள். ஏற்றும்போதே விசும்பினாள்.

"என்ன தாயி இதெல்லாம்?" என்று இந்தியில் கேட்டாள் தங்கமயில்.

"கேள்வண்!" என்றாள் லீலாதாயி.

தங்கமயிலுக்குச் சட்டென்று வகுப்பில் படித்த பழைய பாட்டுதான் ஞாபகம் வந்தது. கேள்வன் என்றால் கணவன். இந்த அம்மாள் எப்போது சங்கத்தமிழ் படித்தாள்? விழித்துக்கொண்டிருந்தவளுக்கு லீலாதாயியே விளக்கினாள். மராத்தியும் இந்தியும் கலந்து அவள் சொன்னதன் சாரம் இதுதான்: கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கு, கல்யாணத்துக்கு முன்னால் வேண்டியவர்கள் கூப்பிட்டு விருந்து போடுவார்கள். அதற்குக் கேள்வண் என்று பேர். யார் போட்டாலும் போடாவிட்டாலும் தூக்கி வளர்த்த நான் போடாமல் இருப்பேனா? உன் அப்பா ஞாயிற்றுக்கிழமை வேட்டி கட்டிக்கொண்டு போகும்போது நான்தான் கேட்டேன், எங்கே என்று. "லட்கீ கா லக்னம் தேக்னே ஜாத்தா" என்றார், பெண்ணுக்கு லக்னம் பார்க்கப் போகிறாராம். திரும்பி வரும்போது "லக்னம் அச்சா மிலா" என்றார், நல்லதாகவே அமைந்துவிட்டதாம். எனக்குத் தெரிந்துவிட்டது. போக்கிரிப் பெண்ணே, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

மராத்தியில் லக்ன என்றால் கல்யாணம். பேசக் கற்ற நாளிலிருந்து மராத்தி கேட்டு வளர்ந்தவளுக்கு அதை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது போளி வாயிலேயே நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கையைக்கூடக் கழுவாமல் எழுந்து ஓடினாள்.

வீட்டில் அம்மா இல்லை. தங்கமயில் முதலில் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அங்கேதான் அவளுடைய டிரங்குப் பெட்டி இருக்கும். தகரப் பெட்டி, மேலே அவள் பேரும் ஊரும் வெள்ளை பெயிண்டில் எழுதியிருக்கும். இடம் காலியாக இருந்தது. தூசியில் பெட்டி இருந்த அடையாளம் மட்டும் சதுரமாகத் தெரிந்தது. அடப்பாவிகளா, பெட்டியைக்கூட ஒளித்துவிட்டார்களே! எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாதென்றா? அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. வாழையிலையைத் தரையில் விட்டெறிந்துவிட்டு, நெற்றியில் குங்குமமும் கையில் பச்சை வளையலும் விரலில் நெய்யுமாகக் கடைக்கு ஓடினாள்.

கடையில் கூட்டம். கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் யார் உட்கார்ந்திருக்க வேண்டும்? காசிராஜன் பெரியப்பாவேதான். போதுமே!

"எப்பா, எனக்குக் கல்யாணம் வேண்டாம்!" என்று கத்தினாள் தங்கமயில். "நான் படிக்கப் போவேன். பெட்டிய ஒளிச்சு வச்சா, கட்டின துணியோட போவேன். மாசானத்துக்குச் சமைக்க ஆளு வேணும்னா ஓட்டல்ல போயித் திங்கச் சொல்லுங்க!"

பருப்பு அளந்துகொண்டிருந்த வேலுச்சாமியின் கை அப்படியே நின்றது. "என்னளா சொல்லுத? யாருக்குக் கல்யாணம்?"

"எனக்குத்தான்! லீலாதாயி எல்லாம் சொல்லிட்டா. ஞாயித்துக்கிழமை நீங்க லக்னம் பாத்துட்டு வந்தீங்களாமே. என்கிட்ட மசூதி பந்தர்னு பொய் சொன்னீங்க."

"ஆமா, பாத்தேன்" என்றார் வேலுச்சாமி, முகம் கறுத்து. "மாட்டுங்கா ஜோசியர் வேங்கடசுப்ரமணியன் சார்வாள்ட்ட பாத்தேன். நீ ஊருக்குப் போறதுக்கு! பிரயாண லக்னம்! உன்கிட்ட சொன்னா நீ என்ன சொல்லுவ? 'மெட்ராஸ் மெயில் ராகு காலம் பாத்தா நிக்கி'ன்னு போன வருசம் என்னைக் கேலி பண்ணல? கேலிக்குப் பயந்து பாக்காம உட்டேன். ராகு காலத்துல வீட்டை விட்டு இறங்கின. தை மாசம் என்ன ஆச்சு? அதான் இந்த வருசம் சொல்லாம போயிப் பாத்தேன்."

லக்னம். அப்பாவின் தமிழ் லக்னம். லீலாதாயியின் மராத்தி லக்ன. அப்பாவின் இந்தியில் இந்திச் சொல் நாலுதான் இருக்கும், மீதியெல்லாம் திருநெல்வேலி என்பது தங்கமயிலுக்குத் தெரியாதா? சாமான் வாங்க நின்ற கூட்டம் விஷயம் புரிந்து சிரித்தது. பக்கத்துக் கடை ஷாகுல் ஹமீது, "அண்ணாச்சி, நீங்க இந்தியில பேசினா அடுத்த வாரம் என் கடைக்கும் கல்யாணம் பண்ணி வச்சிருவீக" என்றார். தங்கமயிலும் சிரித்துவிட்டாள். சிரிப்போடு மூக்கும் ஒழுகியது.

காசிராஜன் மட்டும் சிரிக்கவில்லை.

"என்னடே சிரிப்பு?" என்றார். "வேலு, நல்லா யோசிச்சுப் பாரு. நீ லக்னம்ன, அவ கல்யாணம்னு கேட்டா. சுமங்கலிப் பொம்பள, கூப்பிட்டு வச்சு இனிப்பும் சோறும் போட்டு, மஞ்சக் குங்குமம் வச்சு, கை நிறைய பச்சை வளையல் போட்டு அனுப்பியிருக்கா. யாரு சொல்லி அவ செஞ்சா? ஒருத்தரும் சொல்லல. இதுக்கு மேல உனக்கு என்ன சகுனம் வேணும்? அவ வாயில தெய்வந்தான் வந்து பேசியிருக்கு. போட்ட வளையலைக் கழட்டப்படாது. வார ஆவணியிலயே முடிச்சிருவோம்."

தங்கமயிலின் சிரிப்பு உறைந்தது. அப்பாவை அவளுக்குத் தெரியும். பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற மனுஷன். பெரியப்பா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அப்பாவுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. இதுவரை இல்லாத கல்யாணம் இதோ, கண் முன்னால், அவள் கத்திய கத்தலிலேயே பிறந்து நிற்கிறது. ஓடி வந்து கடைநடுவே சொல்லாமல் இருந்திருந்தால் பெரியப்பாவுக்குத் தெரிந்தே இருக்காதே! வளையல்களை மற்றக் கையால் மூடிக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அப்பா வளையலைப் பார்த்தார். அவள் நெற்றியைப் பார்த்தார். அவருக்கும் அது சுருக்கென்று தைத்திருக்கிறது என்று தெரிந்துபோயிற்று.

வேலுச்சாமி கையிலிருந்த பருப்பைத் தராசில் கொட்டினார்.

"நீங்க சொல்லுதது சரிதான் அண்ணாச்சி. ஆனா அவ கிளம்பிட்டாளே" என்றார்.

"யாரு கிளம்பிட்டா? இந்தா நிக்காளே!"

"இல்ல. காலையிலயே கிளம்பிட்டா. ரயில் என்னைக்குன்னாலும் ராத்திரிதான், நல்ல நேரம் இன்னைக்குக் காலையிலதான். நாளைக்கு வியாழன், தெக்க சூலம், அந்தப் பக்கம் புறப்படப்படாது. அதனால இன்னைக்கே பெட்டிய முந்தி வெளிய ஏத்திப் பரஸ்தானம் வச்சிருங்கன்னு சார்வாள் சொன்னாரு. ஆறுமுகத்தாயி இவளை இலை வாங்க அனுப்பிட்டு, இவ பெட்டியில புதுச்சேலைய வச்சுக் கட்டி, நானே தூக்கிட்டுப் போயித் தெக்குப் பக்கத்து வீட்டுல வச்சாச்சு. லீலாதாயி வீட்டுல. அதைப் பாத்துட்டுத்தான் சீதனப் பெட்டின்னு நெனச்சு விருந்து போட்டிருக்கா போல."

ரஜாய் மூடிய அந்த மூலை! தன் பெட்டியிலேயே சாய்ந்து உட்கார்ந்துதான் தங்கமயில் போளி தின்றிருக்கிறாள்.

"பெட்டிதானே? பயலை விட்டு எடுத்துட்டு வரச் சொல்லு" என்றார் காசிராஜன்.

"எடுக்கப்படாது அண்ணாச்சி. பெட்டி படி தாண்டிட்டுன்னா ஆளு புறப்பட்ட மாதிரிதான். திருப்பி வீட்டுக்குள்ள கொண்டாந்தா புறப்பட்டவளுக்கு ஆகாது. நீங்களும் நானும் சின்னதுல இருந்து கேட்டதுதானே? வளையல் சகுனம்னா இதுவும் சகுனந்தான். இது முந்தி நடந்தது."

சகுனத்தைச் சகுனத்தால் அடிப்பான் தம்பி என்று காசிராஜன் எதிர்பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பட்டாத்தான் தெரியும் உனக்கு" என்று சொல்லிவிட்டு வடாலா பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

கூட்டம் கலைந்த பிறகு தங்கமயில் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "எப்பா, அப்ப டிக்கெட்டு?"

வேலுச்சாமி அவளைப் பார்க்காமல் தராசுத் தட்டைத் துடைத்தார். "எடுக்கல."

"ஏம்ப்பா?"

"ரெண்டு தடவை வி.டி.க்குப் போனேன். வரிசையில நின்னேன். ஜன்னல்கிட்ட போனதும் அந்தப் பேப்பருல போட்டிருந்தது ஞாபகம் வந்திரும். அந்தப் பையன் பேரு, அவன் ஊரு. பின்னால நிக்கவனை முன்னால விட்டுட்டுத் திரும்பி வந்திருவேன்." துணியை மடித்தார், மறுபடி விரித்தார். "பெட்டி வீட்டுல கெடந்தா என்னைக்காவது நானே அதைத் திறந்து உன் துணியெல்லாம் எடுத்து வெளிய வச்சிருவேன்னு பயமாயிருந்துச்சு தாயி. லக்னமெல்லாம் சும்மா சாக்கு. நான் உன்னை மறிச்சிரக் கூடாதுன்னுதான் பெட்டிய முந்தி வெளிய ஏத்திட்டேன்."

இந்த இரண்டு மாதமும் தான் மட்டுமே பயந்துகொண்டிருப்பதாகத் தங்கமயில் நினைத்திருந்தாளே!

"டிக்கெட்டுக்கு நானும் வாரேம்ப்பா. ரெண்டு பேரும் போவோம்" என்றாள். "உங்களுக்குப் பயமா இருந்தா நான் போகலைப்பா."

"அதை மட்டும் சொல்லாத" என்றார் வேலுச்சாமி. "பயம் போவாது. நீ திரும்பி வந்து இங்கன நிக்கிற வரைக்கும் போவாது. நான் பயந்துக்கிட்டு இருக்கேன். நீ படிச்சிட்டு வா."

சொல்லிவிட்டு, அப்போதுதான் வந்து எண்ணெய்க்குப் பாட்டிலை நீட்டியபடி வாசலில் நின்ற ஓர் அம்மாளிடம் கையை நீட்டினார்.